ஒரு பிடி முடி

என் அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. அவளைப் பற்றிப் பேசினால்தானே குறை சொல்வதற்கு? எனக்கு மூன்று வயதாக இருந்தபோது இரண்டு வருஷ உதவித்தொகையில் அகழாய்வுக்காகப் பெரு நாட்டுக்குப் போனாள், டாக்டர் பிலோமினா கொரேரா. போன இடத்தில் ஒரு ராஜாவின் கல்லறை அகப்பட்டது. ராஜாவை விட்டு வர மனசு வரவில்லை. முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது. தூத்துக்குடியில் அப்பாவும் ரோஸ்லின் அத்தையும் என்னை வளர்த்தார்கள், நன்றாகவே வளர்த்தார்கள். டிசம்பர் தோறும் அம்மா வருவாள். கிறிஸ்துமஸ் கேக் தீர்வதற்குள் திரும்பிப் போய்விடுவாள்.

இந்த முறை நான் அவளிடம் போனேன். அவளுடைய அருங்காட்சியகம்தான் என்னையும் என் பெட்டியையும் கூப்பிட்டிருந்தது. பாஸ்போர்ட்டில் 'அமலி ரொட்ரிகோ' என்று பார்த்ததும் லிமா விமான நிலைய அதிகாரி ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினார். எங்கள் கடற்கரையில் ஐந்நூறு வருஷத்துக்கு முன் போர்ச்சுக்கீசியர்கள் விட்டுப்போன பெயர் இது என்று அவருக்கு எப்படி விளக்குவது? சிரித்து வைத்தேன்.

வடக்கே இன்னொரு விமானத்தில் இறங்கியதும் அம்மா நின்றிருந்தாள். அறுபத்தோரு வயது. வெயிலில் வெந்த முகம், ஆண்கள் போடும் சட்டை, தோளில் ஒரு பழைய தோல் பை. கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று இருவருக்குமே தெரியாததால் என் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இதுதானாட்டி உன் மெஷினு? தையல் மெஷின் கனம் கனக்கு."

"பாத்து வைங்கம்மா. அது ஒண்ணுதான் இருக்கு."

ஜீப்பில் போகும்போது வழியெல்லாம் மணலும் முள்மரமும். எங்கேயோ பார்த்த மரமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன்.

"நம்மூர் உடை மரம், அதான் சீமைக் கருவேலம், அதோட சொந்தக்காரன்தான்" என்றாள் அம்மா. "அங்க வேரோட பிடுங்கணும்னு ஊர்வலம் போறாங்க. இங்க ஆயிரம் வருஷமா இதுதான் எல்லாருக்கும் நிழலு. சரி, உன் மெஷின் என்ன செய்யும்? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருதுல்ல? அன்னன்னைக்கு நம்ம ரத்தத்துல ஓடுறது அன்னன்னைக்கு வளர்ற முடியில ஒட்டிக்கிடும். பயந்தா ஒண்ணு, அழுதா ஒண்ணு, பிள்ளைக்குப் பால் கொடுத்தா இன்னொண்ணு. பெட்டி அதை நுனியிலேருந்து வேர் வரைக்கும் படிச்சு, தலையில மாட்டுற பட்டைக்கு அனுப்பும். மாட்டுனவங்க மனசுல அது அப்படியே வரும்."

"ஞாபகம் வருமா?"

"வராது. முகம் கிடையாது, பேச்சு கிடையாது. மனசு மட்டும். ஒரு மாசம் ஒரு நிமிஷத்துல ஓடிரும்."

"திரையில தெரியாதா?"

"திரையில கோடு ஏறும், இறங்கும். கொதிக்குதுன்னு தெரியும். கொதிக்கிறது பாலா வெந்நீரான்னு மாட்டுனவங்கதான் சொல்லணும். அவங்களைச் சாட்சின்னு சொல்லுவோம். அவங்க வார்த்தைதான் பதிவேட்டுல ஏறும். ஒரு வாசிப்புக்கு நாப்பது முடியாவது வேணும். படிச்ச முடி வெளுத்துப் போயிரும், மறுபடி படிக்க முடியாது."

"நீதான மாட்டப் போற?"

"இல்ல. நீங்க."

காரணத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ஆறு வருஷம் நான் போலீசுக்குச் சாட்சியாக இருந்தேன். தூக்கில் தொங்கியவள் தானாகத் தொங்கினாளா, கிணற்றில் கிடந்தவள் தானாகக் குதித்தாளா என்று அவர்கள் முடியை அனுப்புவார்கள், நான் மாட்டிக்கொள்வேன். நாற்பத்தொரு பெண்களின் கடைசி மாதத்தை நான் வாழ்ந்திருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு மேல், பஸ்ஸில் யாராவது கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால்கூட முகத்தை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இறந்தவர்களின் முடியை ஒரு வருஷத்துக்கு மாட்டக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா ஜீப்பை ஓரமாக நிறுத்தினாள். "ஏட்டி, இதையெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதில்லையே" என்றேன். அவள் மறுபடி வண்டியை எடுத்தாள்.

அந்தக் கல்லறை இருந்த மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'வாகா கொரியோன்'. தமிழில் குருவி மேடு. இங்கே வந்த புதிதிலேயே அம்மா கண்டுவைத்த இடம்; அனுமதியும் பணமும் சேர்ந்து ஒன்பதாவது வருஷத்தில்தான் அதைத் திறந்தாள். திருடர்கள் மூன்று பக்கமும் தோண்டிப் பார்த்துவிட்டுப் போன மேடு; நான்காவது பக்கத்தில் அவள் பல் டாக்டரின் கம்பியையும் தூரிகையையும் வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் குந்தியிருந்தாள். உள்ளே தங்கமும் சிப்பி மணியுமாக ராஜா. அவர் பக்கத்தில் ஒரு பெண். வயது இருபத்திரண்டு இருக்கலாம். பாலைவனத்து மணல் அவளுடைய இடுப்பு வரைக்குமான பின்னலை ஒரு முடி குலையாமல் காப்பாற்றி வைத்திருந்தது. உடம்பில் வெட்டு இல்லை, கயிற்றுத் தடம் இல்லை. மூடிய வலது கைக்குள் நெய்த துணியில் ஒரு சின்ன முடிச்சு, அதற்குள் ஒரு பிடி முடி.

அது ராஜாவின் முடி, இவள் அவர்மேல் வைத்த அன்பினால் விரும்பி உடன் போனவள் என்று அம்மா எழுதினாள். அந்தப் புத்தகம்தான் அவளைப் பெரிய ஆளாக்கியது. நான் பதினைந்து வயதில் பள்ளி நூலகத்தில் அதைப் படித்தேன். 'எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தான் தேர்ந்துகொண்ட ஒன்றின் பின்னால் போகும் துணிவு பெண்ணுக்கு அன்றும் இருந்தது' என்று ஓர் இடத்தில் வரும். யாருடைய கதையை யாருடைய பெயரில் எழுதியிருக்கிறாள் என்று எனக்கா தெரியாது? புத்தகத்தை மூடிய கையோடு நான் ஒன்று முடிவு செய்தேன். அந்தப் பெண்ணைப் பேசவைக்க வேண்டும். நான் விரும்பிப் போகவில்லை என்று அவள் சொல்லவேண்டும். இந்தத் தொழிலுக்கே நான் அதற்காகத்தான் வந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

பத்து நாளில் புதிய கூடம் திறக்க இருந்தது. கண்ணாடிப் பேழைக்குள் அவள். பேழையின் காலில் வெண்கலப் பலகை: 'விரும்பி உடன் சென்றவள்.' அந்தத் திறப்பு விழாவோடு அம்மாவுக்கு ஓய்வு.

மறுநாள் காலையில் ஆய்வுக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்றாவது ஆள் மார்லேனி. பழந்துணிகளைப் பாதுகாக்கும் வேலையில் அம்மாவோடு இருபது வருஷமாக இருப்பவள்; அவள் ஸ்பானிஷில் சொல்வதை அம்மா எனக்குத் தமிழில் சொல்வாள். பின்னலிலிருந்து நாற்பது முடியை மார்லேனி இடுக்கியால் பிரித்துக் கொடுத்தாள். நான் பட்டையை அம்மா தலையில் கட்டினேன். அவள் தலையை நான் தொட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. நரைத்து, மெலிந்து, ஷாம்பூ வாசமாக இருந்தது.

எண்பது நிமிஷம். முதல் அரை மணி நேரம் அம்மா பாட்டுக் கேட்பவள் போல உட்கார்ந்திருந்தாள். நாற்பதாவது நிமிஷத்தில் திரையில் கோடு புரண்டது. அம்மா இரண்டு கையாலும் மாரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ள" என்றாள் கண்ணைத் திறக்காமல். "இவளுக்குப் பிள்ள பொறந்திருக்கு."

கடைசி நிமிஷத்தில் கோடு திரையின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் பழக்கமான கோடுதான். நாற்பத்தொரு தடவை பார்த்த கோடு. பட்டையைக் கழற்ற ஓடினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு முடியும்வரை இருந்தாள்.

அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். துணிச்சல் என்று சொல்லியிருக்கலாம், பக்திப் பரவசம் என்று சொல்லியிருக்கலாம். கோட்டுக்கு அது தெரியப்போவதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அம்மா சொன்னது இது:

"நான் எழுதுனது தப்பு, அமலி. இவ விரும்பி வரல. கடைசி மாசம் முழுக்க ஓடணும் ஓடணும்னே இருந்திருக்கா. எதையோ விட்டுட்டு வரணுமேன்னு..."

பத்தொன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் சட்டைக் காலர் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அந்த முடிச்சுல இருக்கிறது?" என்றேன்.

அம்மா மார்லேனியைப் பார்த்துத் தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த முடிச்சை யாரும் அவிழ்த்ததில்லை. அம்மா விட்டதில்லை. துணியின் ஓரத்தில் எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு இழைகளை வைத்தே ராஜாவின் முடி என்று முடிவு கட்டியிருந்தாள். மார்லேனி அரை மணி நேரம் எடுத்து முடிச்சைத் தளர்த்தினாள். உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். அம்மா மொழிபெயர்க்கவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?"

"நுனியப் பாக்கச் சொல்லுதா."

பார்த்தேன். ஒருமுறை கத்திரி பட்ட முடியின் நுனி மொட்டையாக இருக்கும். இது புல்லின் நுனி போலக் கூராகப் போய் முடிந்தது. பிறந்ததிலிருந்து வெட்டாத முடி.

மார்லேனி தன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னத் துணி முடிச்சைக் காட்டி வேகமாகப் பேசினாள். இந்த முறை அம்மா சொன்னாள்: "இவங்க ஊர்லயும் பிள்ளைக்கு மூணு வயசாகும்போது மொத முடி வெட்டுறது ஒரு விசேஷம். ஞானஸ்நானத்துல கூட நின்ன ஞானத்தாய் முதல்ல ஒரு கொத்து வெட்டுவாங்க. அதைத் துணியில முடிஞ்சு அம்மாக்காரி வச்சுக்கிடுவா. இவகிட்ட மக முடி இருக்காம். டாக்டோரா, இது ராஜா இல்ல, யாரோ ஒரு குட்டின்னு சொல்லுதா."

சொல்லிவிட்டு அம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். பிறகு தோல் பையைத் திறந்து, சாவி, மாத்திரை, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்து, அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். மஞ்சளாகிப்போன கைக்குட்டை. நான்கு மூலையும் சேர்த்து முடிந்திருந்தது.

"வேளாங்கண்ணியில உனக்கு மொட்ட போட்டோம், நான் இங்க வர்றதுக்கு முந்தின நாள். மாதாவுக்கு நேர்ந்த முடி, ஒரு இழை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு உங்க அத்தை சொல்லியிருந்தா. மொட்ட போடுற ஆளு கத்தி தீட்டுறதுக்குள்ள நான் ஒரு பிடிய வெட்டி ஒளிச்சுக்கிட்டேன். மாதாகிட்டயே திருடுனேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதைப் பையில வச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு அந்தக் குழிக்குள்ள இறங்குனேன். இதைப் பையில வச்சுக்கிட்டுத்தான் அவ கையில இருந்ததை ராஜா முடின்னு எழுதுனேன். எனக்குத் தெரியாதாட்டி? தெரிஞ்சுக்க எனக்கு இஷ்டமில்ல."

திட்ட வேண்டிய வார்த்தைகளை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பதினேழாயிரம் கிலோமீட்டர் வந்திருந்தேன். இப்போது எடுத்தால் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

மத்தியானம் அம்மா அந்தக் குழந்தையின் முடியை வாசிக்க உட்கார்ந்தாள். நான் போதும் என்றேன், கேட்கவில்லை. முப்பது நிமிஷத்துக்கும் குறைவு; பிறந்தபோது இருக்கும் முடி முதல் வருஷத்தில் கொட்டி மறுபடி முளைப்பதுதான் குழந்தைகளின் முடி. முடிந்ததும் பட்டையைத் தானே கழற்றி, சுருட்டி, பெட்டிக்குள் வைத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"கடைசி மாசம் கோடு ஏறுச்சே."

"விளையாட்டா இருக்கும். பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியல அமலி. சந்தோஷமா இருந்திருக்கு. கடைசி நாள் வரைக்கும் ஒண்ணும் தெரியல."

பதிவேட்டை வாங்கி ஜன்னலோரம் போய் உட்கார்ந்து எழுதினாள். சாட்சி தன் தாய்மொழியில் எழுதவேண்டும் என்பது எங்கள் விதி. மனசில் பட்டதை வேறு மொழிக்கு மாற்றினால் கொஞ்சம் சிந்திவிடும். மறுநாள் அதைப் படித்துவிட்டு, பெட்டியை இயக்குகிற நான் கையெழுத்துப் போடவேண்டும். எழுதி மூடி என்னிடம் தந்தாள்.

அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஒருவித ஆறுதலாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

"இதையும் வாசிக்கலாமா?"

அம்மாவின் கை கைக்குட்டையை மூடிக்கொண்டது. "வேண்டாம்."

"ஏன்? இறந்தவங்க முடிதான் நான் மாட்டக் கூடாது. இது என்னோடது."

"வெளுத்துப் போயிரும்னு சொன்னியே. இது போச்சுன்னா எங்கிட்ட வேற இல்ல."

முடிக்காகத்தான் தயங்குகிறாள் என்று நினைத்தேன். "முப்பத்தோரு வருஷம் நீங்க வச்சிருந்தீங்க. எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுக்கக் கூடாதா?"

அவள் கைக்குட்டையை அவிழ்த்து, எண்ணிப் பார்க்காமல், அப்படியே என் கையில் வைத்தாள். முப்பத்தோரு வருஷத்தில் பெரும்பாலும் நைந்து உதிர்ந்திருந்தது, முழு இழை நாற்பது தேறுமா என்றிருந்தது. முழுவதையும் பெட்டிக்குள் வைத்தேன்.

நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்று வந்தது. நாற்பத்தொரு பேரின் பயத்தை வாங்கி வாங்கித் தழும்பேறிய மனசு அது. அதற்குள் யாரோ வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார்கள். பசி வந்தது, உடனே பசி ஆறியது. பசி வந்தால் ஆறும் என்று அந்த உடம்புக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மாதங்கள் ஓடின. எதைப் பார்த்தாலும் சிரிப்பு. யாரோ ஒருவர் அறைக்குள் வந்ததும் உடம்பே விரிந்து கொடுக்கும் ஒரு சந்தோஷம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. முகம் தெரியாது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்வேன். முகம் தெரியத் தேவையிருக்கவில்லை. என்னை ஆசைப்பட்டுப் பெற்றிருக்கிறாள், ஆசை ஆசையாய் வளர்த்திருக்கிறாள். இது எனக்கு முப்பத்து நான்கு வயது வரை தெரியாது.

இருபத்தைந்தாவது நிமிஷத்தில் தரை நழுவியது.

எனக்குத் தெரிந்திருந்தது. என்னவென்று தெரியாது, எங்கே என்று தெரியாது, ஆனால் ஏதோ போகப்போகிறது என்று அந்த மூன்று வயசுக்குத் தெரிந்திருந்தது. துணி அடுக்கிய பயணப் பெட்டியைப் பார்த்ததோ, பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதோ. ஒரு நாளுக்கு இரண்டு நொடி. ஒவ்வொரு நாளும் அந்தப் பயம் வந்தது. ஒவ்வொரு நாளும் அது அடங்கவும் செய்தது. ஏதோ ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்ததும், பயம் இருக்கும்போதே அதன் மேல் ஒரு போர்வை போர்த்தியது போல எல்லாம் அடங்கியது. மறுநாள் மறுபடி பயம், மறுபடி போர்வை. கடைசி நாளும் அடங்கியது. அத்தோடு முடி முடிந்தது.

கண்ணைத் திறந்தேன். அம்மா எனக்கு எதிரே முக்காலியில், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"என்னட்டி இருந்துச்சு?"

ஆறு வருஷத்தில் ஒரு சாட்சியம்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. ஒரு வார்த்தையைக் கூட்டிச் சொல் என்று கெஞ்சிய அப்பன்மார் உண்டு, மிரட்டிய அதிகாரிகள் உண்டு. மசிந்ததில்லை.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றேன். "நல்லா சந்தோஷமா இருந்திருக்கேன். நீங்க போகப் போறீங்கன்னே எனக்குத் தெரியல."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து பெட்டியிலிருந்து முடியை எடுத்தாள். மூன்று வயசுப் பிள்ளையின் முடி, தும்பைப் பூவாக நரைத்திருந்தது. அதைப் பழையபடி கைக்குட்டையில் வைத்து முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் ஆய்வுக் கூடத்துக்குப் போனபோது அம்மா அங்கே இல்லை. அருங்காட்சியக இயக்குநரோடு தொலைபேசியில் ஒரு பெரிய சண்டை நடந்ததாக மார்லேனி கையைக் காலை ஆட்டி, அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். பலகையை மாற்ற நாள் போதாது என்றாராம் அவர். அப்படியானால் பலகை இல்லாமலே திறங்கள், என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றாளாம் இவள்.

கையெழுத்துப் போடப் பதிவேட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் சாட்சியம், அம்மா நேற்றுச் சொன்னபடியே இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். குண்டு குண்டான எழுத்து, அவள் எனக்கு அனுப்பும் கடிதங்களில் பார்த்த அதே எழுத்து.

'வாசித்தது: குழந்தையின் முடி. கடைசி மாதம் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. பயம், தினமும். தாயின் மடிக்குப் போனதும் அடங்கியது, தினமும். என் மகளிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். சாட்சி: பி. கொரேரா.'

அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் படித்துத்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியென்றால், கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்றபோதே நான் என்ன பார்க்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்ன பொய்யும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வெளுத்த முடியை முடிந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். மார்லேனி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

புதிய கூடத்தில் அம்மா பேழையின் அடியில் முழங்காலிட்டு வெண்கலப் பலகையின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்று கழன்றுவிட்டது. பக்கத்தில் தரையில் ஒரு காகிதம். ஸ்பானிஷில் எழுதி அடியில் தமிழிலும் எழுதியிருந்தாள்: 'இவள் விரும்பி வரவில்லை. கையில் இருப்பது இவளுடைய குழந்தையின் முதல் முடி.' கண்ணாடிக்குள் அந்தப் பெண்ணின் கையில் முடிச்சு பழையபடி வைக்கப்பட்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" திரும்பாமல் கேட்டாள்.

"போட்டுட்டேன்."

"படிச்சுப் பாத்துத்தான?"

"ம்."

திருப்புளி நின்றது. அம்மா திரும்பவில்லை. அவளுடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மடிக்குப் போனதும் அடங்குச்சுன்னு எழுதியிருக்கியே" என்றேன். "அது நெசந்தாம்மா. தினமும் அடங்குச்சு. கடைசி நாளும் அடங்குச்சு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். அப்புறம் திருப்புளியை என்னிடம் நீட்டினாள்.

"இந்தக் கடைசி ஆணி இறுகிக் கிடக்கு. நான் பலகையைப் பிடிச்சுக்கிடுதேன். நீ கழத்து."